ரம்பத்துக்குப் பின்னால் சின்னப்பொண்ணு

தசரதன் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்பே அவன் சொல்லிவிடுவான். மாடு முட்டும் என்று ஏர் பிடிக்கவில்லை. லாரி மோதும் என்று பெரிய ரோட்டில் சைக்கிள் ஓட்டவில்லை. அப்படிப்பட்டவன் பிழைப்புக்கு என்று தேர்ந்தெடுத்தது மரம் அறுக்கிற மெஷினை. "நம்ம புத்தி அவ்ளோதான்" என்று அவனே தலையில் அடித்துக்கொள்வான்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற வழியில் ரத்தினம் முதலாளியின் பெட்டிப் பட்டறை இருந்தது. தொழிற்சாலைகள் சாமான் அனுப்புவதற்கான மரப்பெட்டிகளை அங்கே செய்தார்கள். இது 1991-ல். இரும்பு மேஜை ஒன்று, அதன் நடுவே ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள்ளிருந்து பாதி உடம்பைக் காட்டிக்கொண்டு வட்ட ரம்பம் சுற்றும். அதை ஓட்டுகிறவன் தசரதன்.

அவனுக்கு விரல்கள் எல்லாம் முழுசாக இருந்தன. பட்டறைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, "தொழில்காரன்யா" என்று வியப்பார்கள். தொழில் ஒன்றும் இல்லை, வெறும் பயம்தான் என்பது அவனுக்குத் தெரியும். தோள்துண்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். லுங்கியைத் தூக்கி இறுக்கிக் கட்டுவான். ரம்பத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நிற்பான். கட்டை திருப்பி எறிந்தால் வயிற்றில் படாது. பலகையின் கடைசிப் பகுதியைக் கையால் தள்ளாமல் ஒரு தள்ளுகட்டையால் தள்ளுவான். இத்தனையும் செய்த பிறகு கண்ணை மூடி ஒரு கும்பிடு. கண்ணைத் திறந்துகொண்டுதான் சுவிட்சைப் போடுவான். கண்ணை மூடிக்கொண்டே போடுகிற அளவுக்கு அவன் பக்திமான் இல்லை.

நீளப் பலகை அறுக்க இருவர் வேண்டும். ஒருவர் முன்னாலிருந்து தள்ள, ஒருவர் பின்னால் தாங்க. தாங்கிக்கொண்டிருந்த கோபால் தாம்பரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அதன் பிறகு வந்தவர்கள் எல்லாம் பலகையை வெடுக்கென்று இழுத்தார்கள். பின்னால் இருப்பவர் இழுத்தால் முன்னால் இருப்பவரின் கையும் சேர்ந்து ரம்பத்துக்குப் போகும். தசரதன் தினமும் வீட்டுக்கு வந்து புலம்பினான்.

மனைவி சின்னப்பொண்ணு சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நான் வர்றேன். உங்க கையி வூட்டுக்கு முழுசா வருமா வராதான்னு இங்க குந்திகினு பயப்படறதுக்கு, அங்கயே நின்னு பாத்துக்கறேன்."

மறுநாள் பட்டறையில் அவளுக்குப் பாடம் நடந்தது.

"இழுக்கக் கூடாது. தாங்கணும், அவ்ளோதான். முந்தானைய இடுப்புல நல்லா சொருவிக்க. ஏதாவது தப்பா தெரிஞ்சா என் பேரச் சொல்லிக் கத்து."

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "பேரயா? இன்னா வெளையாடறீங்களா? புருசன் பேரச் சொன்னா ஆயுசு கொறையும். ரேஷன் கடையில எங்கப்பா பேரு கேட்டாகூட, பக்கத்துல நிக்கறவங்கள கேளுன்னுதான் எங்கம்மா சொல்லும்."

"சொல்லலன்னா வெரலு கொறையும்."

"ஏங்கன்னு கூப்புடறேன்."

பட்டறையில் ஆணி அடிக்கும் பெண்கள், எல்லோரையுமே "ஏங்க" என்றுதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு "ஏங்க"வுக்கும் திரும்பிப் பார்த்தால் விரல் என்ன, கையே போய்விடும்.

"அப்ப பாம்புன்னு கத்தட்டா?"

"கத்து. நான் மொத ஆளா ஓடிருவேன். பலக உன் கால்ல விழும்."

ஆணி அடித்துக்கொண்டிருந்த ராஜம்மா சுத்தியலை நிறுத்தினாள். "ஏ சின்னப்பொண்ணு, ஒரு புள்ளயப் பெத்துக்கினா அதும் பேரச் சொல்லி, இன்னாரு அப்பான்னு கூப்புடலாம் இல்ல?"

"அதுக்கு நாளாவும்க்கா. பலக இன்னிக்கே அறுக்கணுமே."

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அவள் ஒரு கட்டையால் மேஜையைத் தட்ட வேண்டும். அவன் உடனே கையை எடுத்துவிட வேண்டும். ஏற்பாடு நன்றாகவே நடந்தது. சின்னப்பொண்ணு ஒரு நாளும் பலகையை இழுக்கவில்லை. வேலை சுலபமானது. மெல்ல மெல்லத் தசரதனுக்குத் தைரியம் வந்தது. அவனைப் போன்ற ஆளுக்கு வரவே கூடாதது அதுதான்.

ஐப்பசி மழையில் ஒரு பகல், மாமரப் பலகை ஒன்று பாதி அறுபட்டிருக்கும்போது கரண்ட் போனது. ரம்பம் முனகிக்கொண்டே நின்றது. கரண்ட் போனால் முதல் வேலை, சுவரில் இருக்கும் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்குவது. தானாக அணைந்துகொள்கிற சுவிட்ச் எல்லாம் அந்தப் பட்டறையில் கிடையாது. கைப்பிடி மேலேயே இருந்தால், கரண்ட் திரும்பியதும் ரம்பம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

இது தசரதனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். டீ வந்ததும், புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு ஆட்களுக்கு அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தான். "எனக்கு மட்டும் ஏன் வெரலு அப்டியே கீது சொல்லு?" என்று கையை விரித்துக் காட்டினான். அவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்த சுகத்தில், தான் கைப்பிடியை இறக்கவில்லை என்பது அவனுக்கு நினைவே இல்லை.

பிரசங்கம் முடிந்ததும் மேஜைக்குப் போய்ப் பலகையை எடுத்தான். ரம்பத்துக்கும் மேஜைப் பிளவுக்கும் நடுவே ஒரு சிராய் சிக்கியிருந்தது. குனிந்து விரல்களை விட்டுப் பிடுங்க ஆரம்பித்தான்.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய சின்னப்பொண்ணு முதலில் அவனைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். கைப்பிடி மேலே நின்றது.

தட்டுகிற கட்டை கைக்கு அகப்படவில்லை. உள்ளங்கையால் மேஜையை அறைந்தாள். ஆணி அடிக்கிற சத்தத்தில் அது கரைந்துவிட்டது. "ஏங்க! ஏங்க!" என்றாள். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் சிராயிலேயே கண்ணாக இருந்தான்.

"தசரதா!"

சுத்தியல்கள் எல்லாம் நின்றுவிட்டன. தசரதன் துள்ளி நிமிர்ந்தான். இரண்டு கைகளும் பிடிபட்ட திருடனைப் போல மேலே போயின. ஆபத்து புரிந்து அல்ல. வெறும் பெயர், பின்னால் ஒரு "ங்க"கூட இல்லை, அதுவும் கட்டின மனைவியின் வாயிலிருந்து! 'என்னடி' என்று கேட்க வாயைத் திறந்தான். தலைக்கு மேல் பல்பு எரிந்தது. ரம்பம் அந்தச் சிராயைக் கவ்விக் கூரைத் தகரத்தில் அடித்துவிட்டு, வேகமெடுத்துச் சுற்றியது.

தன் விரல்கள் இருந்த இடத்தைத் தசரதன் பார்த்தான். அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் கை தப்பியதைப் பற்றிப் பட்டறையில் யாரும் பேசவில்லை. பெயரைப் பற்றித்தான் பேச்சு. "இன்னா தொண்டைடி உனுக்கு!" என்றாள் ராஜம்மா. புதிய ஆட்களில் ஒருவன் பவ்யமாகக் கேட்டான்: "அண்ணா, வெரலு அப்டியே இருக்கறதுக்குக் காரணம் இதானா?" எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் தசரதன். சிரித்துக்கொண்டே எழுந்து போய்ச் சுவிட்சின் கைப்பிடியை இறக்கினான்.

சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எவ்ளோ ஆயுசு கொறைஞ்சிதோ தெரில."

"கொறைஞ்சா கொறையட்டும். மிச்சம் இருக்கறதுல சொந்தக் கையால சோறு துன்னலாம் இல்ல?"

"சிரிப்பு காட்டாதீங்க. இன்னொரு வாட்டி என்னிய அப்டி கத்த வெச்சிங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

மறுநாள் காலையில், மெஷினுக்குக் கரண்ட் எந்த வழியாக வருகிறது என்று அவனிடம் கேட்டாள். அவன் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்த பியூஸ் கட்டையைக் காட்டினான்.

"இத்தப் புடுங்கிட்டா?"

"ஓடாது."

"யாரு சுவிட்ச் போட்டாலுமா? கரண்ட் வந்தாலுமா?"

"எவன் போட்டாலும் ஓடாது."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். ரம்பத்துக்கு அருகே அவன் கையை விட வேண்டுமென்றால், முதலில் அவனே சுவிட்சை இறக்க வேண்டும். அடுத்து அவள் அந்தப் பீங்கான் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொள்வாள்.

ஒருநாள் தசரதன் ரம்பத்தடியில் மரத்தூளை வாரிக்கொண்டிருந்தபோது ரத்தினம் முதலாளி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "கரண்ட் வந்து எவ்ளோ நேரம் ஆவுது? மெஷின் ஏன் சும்மா கீது?"

தசரதன் மனைவியைப் பார்த்தான்.

"அங்க இன்னாடா பாக்கற? மெஷின்காரன் நீயா அதுவா?"

"நான்தான், மொதலாளி" என்றான் தசரதன். "பியூஸு அதுங்கிட்ட கீது."

முதலாளியும் சின்னப்பொண்ணைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. "ரம்பத்த வுட்டு இந்தாண்ட வந்து நில்லுங்க" என்றாள் கணவனிடம்.

மெஷின்காரன் போய் நின்றான். அவள் மேஜை மேல் ஏதாவது கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். சுவிட்ச் கீழே இருக்கிறதா என்று பார்த்தாள். அதன் பிறகுதான் இடுப்பில் கையை விட்டாள்.