பவளத்துக்கு ஊற்றிய தண்ணீர்

சுற்றிவரக் கடல் கிடக்க, வீட்டுக்குள்ளும் கண்ணாடித் தொட்டியில் கடல் வளர்க்கிறான் என்று வேலணையில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரிக்கட்டும். வெளிநாட்டில் இருந்த காலத்தில் பிடித்த பைத்தியம் அது. ஊருக்குத் திரும்பியதோடு விட்டுவிடத்தான் நினைத்தேன். மனைவி பக்கவாதத்தில் விழுந்த பிறகு விட முடியாமல் போய்விட்டது.

அவளுக்குப் பேச்சுப் போய்விட்டது. வலது பக்கம் அசையாது. நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். கஞ்சிக் கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். கொழும்பில் அலங்கார மீன் விற்கும் கடையொன்றில் பவளக்குட்டி ஒன்றை வாங்கிவந்து, தொட்டியை அவள் கட்டிலருகே வைத்தேன். விளக்கைப் போட்டதும் அது மஞ்சள் விரல்களை நீட்டி மெல்ல அசையும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் அவள் வாய் திறப்பாள். நானும் தருணம் பார்த்து ஊட்டிவிடுவேன். வைத்தியர்கள் சொன்ன எதுவும் பலிக்காத இடத்தில் இது பலித்தது. ஏன் என்று நான் ஆராயப் போகவில்லை.

தென்மேற்கிலிருந்து வறட்டிக்கொண்டு வீசும் சோளகக் காற்று தொடங்கியபின் பவளம் சுருங்கியது. கண்ணாடியெல்லாம் பாசி. தண்ணீரைச் சோதித்தேன். சின்னக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மருந்துத் துளி விட்டால், பாசியை வளர்த்துப் பவளத்தைக் கொல்லும் நைத்திரேற்று இல்லாத தண்ணீர் மஞ்சளாக நிற்கும், கூடக்கூடச் சிவக்கும். என்னுடையது நன்றாகவே சிவந்தது. மீன்களுக்குத் தீனியைக் குறைத்தேன். அடிமணலைக் கழுவினேன். குறிகட்டுவான் துறையில் கடல் நிறைந்து நிற்கும் நேரம் பார்த்து அள்ளிவந்து, பாதித் தண்ணீரை மாற்றினேன். சற்று இறங்கும், பிறகு பழையபடி ஏறிவிடும். கட்டிலிலும் மறுபடி பல்லுக் கடிப்பு. அந்த நாட்களில் நான் கோபிக்காத ஆள் இல்லை, சாமான் இல்லை.

சந்தேகிக்க மிஞ்சியது ஒரு தண்ணீர்தான். தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். அந்தக் குறைக்கு உப்பில்லாத தண்ணீர் ஊற்றவேண்டும். எங்கள் கிணறு சவர், வாயில் வைக்க முடியாத உப்பு. பக்கத்து வளவுப் பெண் தன் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து எங்களுக்குக் குடிக்கவென்று தினமும் ஒரு குடம் கொண்டுவந்து தருவாள். தீவுப் பகுதியில் தண்ணீருக்கு நாக்குத்தான் நீதவான். உவர்த்தால் கெட்ட தண்ணீர், இனித்தால் நல்ல தண்ணீர். ஊரிலேயே இனிப்பான அந்தத் தண்ணீரைத்தான் பவளத்துக்கும் ஊற்றினேன். அதைச் சோதிப்பதே அவளை அவமதிப்பதுபோல இருந்தது. சோதித்தேன். இரத்தச் சிவப்பு. காலங்காலமாகத் தோட்டத்துக்குப் போட்ட உரமெல்லாம் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. காற்று தண்ணீரைக் குடித்துவிட்டு உரத்தை என் தொட்டியில் விட்டுப் போயிருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வாகனத்தில் வரும் சுத்திகரித்த தண்ணீரைப் பிளாஸ்டிக் கான் கானாக எடுக்கத் தொடங்கினேன். பவளம் மெல்ல மெல்லப் பாதி விரல் நீட்டியது. அன்று மனைவி அரைக் கோப்பை கஞ்சி குடித்தாள். குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

அந்த நேரத்தில் பக்கத்து வளவுப் பெண்ணின் மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவளுக்குப் பால் சுரக்கவில்லை, குழந்தைக்குப் புட்டிப்பால்தான். எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"தங்கச்சி, அந்தக் கிணத்துத் தண்ணியில குழந்தைக்குப் பால்மா கரைக்காதையும்," என்றேன் வேலியோரம் நின்ற பக்கத்து வளவுப் பெண்ணிடம்.

"ஏன் அண்ணை? ஊரிலயே அதுதானே நல்ல தண்ணி."

"உரம் இறங்கியிருக்கு. பெரியாக்கள் எங்களுக்குக் காரியமில்லை. பச்சைக் குழந்தைக்குக் கூடாது."

"கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம்."

"கொதிச்சாலும் போகாது."

அவள் முகம் கறுத்துவிட்டது. இங்கே ஒருவரின் கிணற்றைக் குறை சொல்வது அவர் குலத்தைக் குறை சொல்வதற்குச் சமம். நான் ஒரு கானைத் தூக்கி வேலிக்கு மேலால் நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனாள்.

சில நாள் கழித்து, மூடி இறுக்கிய கான் ஒன்று வாசலில் நின்றது. தண்ணீர் வாகனம் வந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறது என்று எண்ணி, அது முடியும்வரை தொட்டிக்கு ஊற்றினேன். பவளம் சுருண்டது. சோதித்தால் சிவப்பு. தண்ணீர் விற்பவனைத் திட்டினேன், மருந்து பழசு என்று அதையும் திட்டினேன். அதற்குள் மஞ்சள் சதை நார்நாராகக் கழன்று வெள்ளை எலும்புதான் மிஞ்சியது.

அன்றைக்குத்தான் பக்கத்து வளவுப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"குழந்தை நல்லாக் குடிக்குது அண்ணை. நீங்கள் தந்த தண்ணிதான். உங்கட கானை வெறுமையாத் தரக்கூடாதெண்டு நீங்கள் குடிக்க எங்கட கிணத்தில நிரப்பி வாசலில வைச்சனான். பாத்தனீங்களோ?"

யாரும் யாருக்கும் ஒரு கிண்ணத்தைக்கூட வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத ஊர் இது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் அவளைப் படலைக்கு வெளியே தள்ளிவிடவேண்டும் என்ற ஆத்திரம் நெஞ்சுவரை வந்தது.

"ஓம் தங்கச்சி, பாத்தனான். குழந்தை குடிக்குதே, அது போதும்," என்றேன்.

அவள் போன பிறகு கஞ்சியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தேன். தொட்டியின் விளக்கையும் போட்டேன், என்ன நம்பிக்கையோ. மனைவி அந்த வெள்ளை எலும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு வாய் குடியுமப்பா," என்றேன்.

அவள் பல்லைக்கூடக் கடிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.