பட்டுப் பிரிவை வேண்டாம் என்ற அப்பா

நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருடம் அப்பாவுக்குக் கடையில் ஒரு பதவி தேடி வந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் அவர் இருபது வருடத்துக்கு மேல் விற்பனையாளராக இருந்தார். முதலாளி கூப்பிட்டு, பட்டுப் பிரிவைப் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் சொல்லித்தான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

"ஏங்க, பட்டு வேண்டாம்னு சொன்னீங்களாமே?"

"வேட்டிப் பிரிவுதான் எனக்குப் பழக்கம்."

"பழகினா பட்டு வராதா? வீட்டுக்கு வர்ற லட்சுமியை யாராவது வாசலோட திருப்பி அனுப்புவாங்களா?"

அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நான் அம்மா பக்கம். இவருக்குத் துணிச்சல் கிடையாது என்று நினைத்தேன். தக்காளி வாங்கி வரச் சொன்னால்கூடப் பாதி காயாக வாங்கி வருகிறவர், ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்குகிறவர். இவருக்கு எதற்குப் பட்டு என்று தோழியிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

அடுத்த வருடம் விலங்கியல் படிக்கச் சேர்ந்தேன். விரும்பிச் சேர்ந்தேன் என்று சொல்ல முடியாது. மார்க்குக்குக் கிடைத்த இடம் அது. கரப்பான்பூச்சியின் வாய்ப்பகுதியை வரைந்து பாகம் குறிப்பதற்கும் என் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம் என்று நோட்டை மூடும்போதெல்லாம் தோன்றும்.

இரண்டாம் வருடத்தில் மரபியல் வகுப்பு. பேராசிரியை ஒரு நாள் ஒரு சிறிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் நிறைய வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஒரு எண். வகுப்பில் எல்லாப் பெண்களும் எல்லா எண்ணையும் கடகடவென்று வாசித்தோம்.

"பொண்ணுங்களுக்கு நிறக்குருடு வர்றது அபூர்வம். போட்டோ எடுத்துக்கிட்டுப் போங்க. வீட்ல அப்பா, அண்ணன், தம்பி இருந்தா காட்டிப் பாருங்க" என்றார்.

அப்பாவுக்கு விடுமுறை நாளான புதன்கிழமை காலை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் போனை நீட்டினேன்.

"இதுல என்ன நம்பர் இருக்குப்பா?"

"பன்னெண்டு."

அது எல்லோருக்கும் தெரிகிற பக்கம். அடுத்ததைத் தள்ளினேன்.

"இதுல ஒண்ணும் இல்லையேம்மா. வெறும் புள்ளி."

துடைப்பத்தோடு வந்த அம்மா எட்டிப் பார்த்தார். "இவ்வளவு பெருசா ஆறு போட்டிருக்கு, தெரியலையா? கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். போனைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். பிறகு போனைப் பேப்பர் மேல் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாருக்கும் தெரியுதா இது?"

"தெரியும்பா."

"உங்க அம்மாவுக்கும்?"

அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகுதான் அப்பா சொல்ல ஆரம்பித்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் இலைப்பச்சையில் ரவிக்கைத் துணி கேட்டிருக்கிறார்கள். அப்பா காப்பிப்பொடி நிறத்துத் துணியை அளந்து கிழித்துவிட்டார். கூட்டம் நிறைந்த கடையில், "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கேட்டார்கள். தனக்கு நிறங்களின் பெயர் சரியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான், படித்துக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்தார். எத்தனை படித்தும் பிடிபடவில்லை. தன் புத்தியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, வெளியே தெரியாமல் பிழைக்க வழி தேடினார். வருகிறவர்களிடம், "நீங்களே தொட்டுக் காட்டுங்க, எடுத்துத் தரேன்" என்பார். லேபிளில் இருக்கும் எண்களை மனப்பாடம் செய்தார். கொஞ்ச நாளில் வேட்டிப் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"வேட்டி வெள்ளை. கரை மட்டும்தான் கலர். எந்தக் கரை எந்தத் தட்டுன்னு நானே அடுக்கி வெச்சுக்கிட்டேன். யாராவது மாத்தி வெச்சுட்டா லேபிள் நம்பரைப் பாத்து முழுசும் மறுபடி அடுக்குவேன்" என்றார். "பட்டுன்னா, முகூர்த்தப் புடவை. தப்பாச்சுன்னா ஒரு குடும்பமே அழும். எப்படிம்மா ஒத்துக்கறது?"

இருபது வருடத்துக்கு மேல், நிறங்களை விற்கும் இடத்தில், அவற்றில் பாதி தெரியாமல் ஒரு மனிதர் மாட்டிக்கொள்ளாமல் வேலை செய்திருக்கிறார். எத்தனை ஞாபகம், எத்தனை கவனம். அதைத்தான் நான் துணிச்சல் இல்லை என்றேன்.

அம்மா, "அப்போ என் கல்யாணப் புடவை?" என்று கேட்டார்.

"அரக்குன்னு நீ சொல்லுவே. எனக்குக் காஞ்ச வாழைச்சருகு மாதிரி இருந்துச்சு." கொஞ்சம் தயங்கி, "ஆனா உனக்கு நல்லா இருந்துச்சு" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமும் போட்டு விளக்கினேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து வருவது. அதில் குறை இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று மற்றதைக் காப்பாற்றிவிடும்.

"அப்போ எங்க மாமா!" என்றார் அப்பா. அவருடைய தாய்மாமா இளவயதில் ரயில்வே வேலைக்குப் போய்க் கண் பரிசோதனையில் தேறாமல் திரும்பி வந்தவர். கண்ணாடி போடாமல் பொடி எழுத்தெல்லாம் படிப்பாராம். ராசியில்லாதவர் என்றே கடைசிவரை குடும்பத்தில் பெயர். அவருக்கும் ஒரு சதுரம் போட்டுக் கறுப்படித்தேன். அப்பா அந்தச் சதுரத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "பாவம், யாரும் சொல்லலையே அவர்ட்ட" என்றார்.

பிறகு என் வட்டத்தைக் காட்டினார். "இது ஏன் பாதி மட்டும் கறுப்பு?"

"உங்க எக்ஸ் எனக்கு வந்துதானே ஆகணும். எனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. பையன் பிறந்தா அவனுக்கு வரலாம், வராமலும் போகலாம்."

அவர் முகம் வாடியது. "நான் கொடுத்ததா?"

"நீங்க வேணும்னேயா கொடுத்தீங்க? வந்தாலும் என்ன, இந்தத் தடவை நமக்கு முன்னாடியே தெரியும்ல. யாரும் திட்ட மாட்டாங்க."

அந்த வாரமே அப்பா முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவர் திகைத்துப்போய், "இத்தனை வருஷம் எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டாராம். வேட்டி அடுக்குகளில் கரை நிறத்தின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். ஒட்டினார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் கருநீலத்தையும் கறுப்பையும் குழப்பிக்கொள்ளும் மற்றவர்களுக்கும் அது உதவியாக இருந்தது. கொஞ்ச நாளில் பட்டுப் பிரிவிலிருந்து அப்பாவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள், நிறத்துக்காக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு துணியை விரலால் தேய்த்தே பட்டில் கலப்பு இருக்கிறதா என்று சொல்லுவார். அவர் விரலுக்கு அத்தனை பயிற்சி இருந்தது கடையில் யாருக்கும் தெரியாது.

நானும் விலங்கியலை விடவில்லை. மேலே படித்து, இப்போது கே.கே. நகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பரம்பரை பற்றிய பாடம் வரும்போது பலகையில் சதுரமும் வட்டமும் போடுவதற்கு முன்னால், "உங்க வீட்ல யாரையாவது காரணம் தெரியாம திட்டுறீங்களா?" என்று கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒன்றிரண்டு பேர் சிரிக்காமல் யோசிப்பார்கள்.

போன மாதம் அப்பா தக்காளி வாங்கி வந்தார். கூடவே போன அம்மா, "இது காய், இது பழம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

"உங்க அம்மாவுக்கு விஷயம் தெரியாதப்போ நிம்மதியா வாங்கிட்டிருந்தேன்" என்று அப்பா என்னிடம் புகார் சொன்னார்.