மதிலற்ற மனை

பத்திரம் எழுதுகிறவனுக்குச் சொற்கள் மேல் பாசம் கூடாது. முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். "மதிலற்ற" என்ற சொல்லை எத்தனை மனைகளுக்கு எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சுற்றிச் சுவர் கிடையாது, வாங்குகிறவர் வேண்டுமானால் தம் செலவில் எழுப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான் அதன் பொருள். எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். பக்கத்து வீட்டு அக்காவின் பத்திரம் வரும்வரை அந்தச் சொல்லால் எனக்கு ஒரு வருத்தமும் வந்ததில்லை.

சாரம் என்கிற எங்கள் பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. அக்காவின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா. அவரும் என் அப்பாவும் ஒரே சமயத்தில் வீடு கட்டினார்கள். நடுச்சுவருக்கு வைத்திருந்த செங்கல்லைப் பொதுக்கிணற்றுக்குப் போட்டுவிட்டு, சுவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். அந்த அப்புறம் வரவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், எந்த அடுப்படியில் மீன் வாசம் வருகிறதோ அங்கே தட்டோடு உட்கார்ந்துவிடுவேன். கல்யாணமாகி வந்த என் மனைவியும் அப்படியே பழகிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் கேக்கும் பொங்கலும் எங்களிடையே தெரு வழியாகப் போனதே இல்லை, பின்கதவு வழியாகத்தான்.

சொல்தா போய்ச்சேர்ந்தார். அக்காவுக்கு முழங்கால் விட்டுப்போனது. பிரான்சில் இருக்கும் மகள் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன வருடம் வீட்டை விற்பதென்று முடிவானபோது, பத்திரத்தை நான்தான் எழுத வேண்டும் என்று அக்கா அடம்பிடித்தார்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். அந்தச் சொல் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"மதிலற்றன்னா இன்னா தம்பி?"

"செவுரு இல்லன்னு அர்த்தம்க்கா."

"இல்லன்னு ஏன் எழுதற? நமக்கு இன்னா கொறஞ்சு போச்சி? ரெண்டு வீட்டாரும் போவ வர இருந்த எடம்னு எழுது."

அப்படி எழுதினால் அது சட்டப்படி நடைவழி உரிமையாக நிற்கும். ஒரே ஒரு வரி போதும், அந்த இடத்தில் எவரும் சுவர் எழுப்ப முடியாது. அக்காவுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். கை துறுதுறுத்தது. ஆனால் அந்த வரியைக் கண்டால் வாங்குகிறவர் பத்திரத்தை மடித்து வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். அந்தக் காலோடு அக்கா இன்னொரு மழைக்காலத்தைத் தனியாகத் தள்ள முடியாது.

"பத்திரத்துல அப்படி எழுதக் கூடாதுக்கா."

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். "நீ சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

அவர் விமானம் ஏறிய இரண்டாவது வாரம் செங்கல் வந்து இறங்கியது. ஆறடிச் சுவர். வாங்கியவரைக் குறை சொல்ல வழியில்லை, நான் எழுதிக்கொடுத்ததைத்தான் அவர் செய்தார். எங்கள் அடுப்படியில் இப்போது பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்வார். குளிர், பேத்தியின் படிப்பு எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் அதைக் கேட்டுவிடுவார்.

"செவுரு கிவுரு வச்சிட்டாங்களா தம்பி?"

"இன்னும் வக்கலக்கா."

"அப்ப சரி. காலு தேவலாம்னு ஆனா வர்றேன். பின்பக்கமாவே வந்துடறேன், கதவ மட்டும் தொறந்து வையி."