பிடுங்கிக் காட்டிய இரண்டு கேபிள்கள்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு மாடியறை. அடுத்தவர்களுடைய வெப்சைட்டுகளை எங்கள் சர்வர்களில் வைத்து ஓட்டிக்கொடுக்கும் கம்பெனி. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அங்கே வேலை இதுதான்: எந்த சர்வராவது நின்றுபோனால் அணைத்து மறுபடி போடுவது, யாராவது போனில் கத்தினால் கேட்டுக்கொள்வது. நின்றுவிடுமோ என்று எப்போதும் பயம். நிற்காமலே இருந்தால் என்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்று அதைவிடப் பயம்.

இந்த இரண்டாவது பயத்துக்குத் தீனி போடவென்றே எங்கள் முதலாளி ஒரு புது சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தார். இலவசம். யாரோ வெளிநாட்டில் எழுதி, உள்ளே இருப்பது அத்தனையும் ஊருக்கே திறந்து வைத்துவிட்டார்களாம். காசு கொடுத்து வாங்கியதைப் பற்றி ஒருநாளும் பேசாத மனுஷர், இலவசமாய் வந்ததைப் பற்றி ஒரு வாரம் பேசினார்.

"இது முன்னாடி நிக்கும். வெப்சைட் பார்க்க வர்ற கூட்டத்தைப் பின்னாடி இருக்கிற சர்வருங்களுக்குப் பிரிச்சு அனுப்பும். ஒண்ணு செத்தா இன்னொண்ணுக்குத் திருப்பிடும். எல்லாமே செத்தாலும் தன்கிட்ட இருக்கிற நகலைக் காட்டிச் சமாளிக்கும். செட்டிங்கை மாத்தறதுக்குக்கூட நிறுத்த வேணாம்!" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இனிமே உனக்கு என்னப்பா வேலை?"

அவருக்கு அது ஜோக். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அப்படி என்ன பெரிய அதிசயம்? முதலாளியே அதே ரகம்தான். முன்னாடி நின்று சிரிப்பார், வேலையைப் பின்னாடி தள்ளுவார், பின்னாடி யாரும் இல்லையென்றால் பழைய பதிலையே எடுத்து நீட்டுவார். இதற்கு ஒரு சாஃப்ட்வேர் வேறா?

பெருமை அடங்காமல் ஒரு வாடிக்கையாளரை நேரிலேயே வரவழைத்தார். சிவாஜிநகரில் துணி மொத்த வியாபாரி. அன்றன்றைய விலையைக் காட்டும் அவருடைய பக்கம் எங்களிடம் இரண்டு சர்வர்களில் ஓடியது. எங்களுக்கு வந்ததிலேயே பெரிய வாடகை அதுதான்.

பக்கத்தைத் திரையில் திறந்து வைத்து, "முதல் சர்வர் கேபிளைப் பிடுங்குப்பா" என்றார் முதலாளி. பிடுங்கினேன். முதலாளி மறுபடி தட்டினார்; பக்கம் திறந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"ரெண்டாவதையும் பிடுங்கு!"

அதையும் பிடுங்கினேன். அப்போதும் திறந்தது.

வியாபாரி திரையைப் பார்த்தார். என் கையில் தொங்கிய கேபிளைப் பார்த்தார். "ரெண்டும் இல்லாமலே ஓடுதே சார். அப்புறம் சும்மா எதுக்கு நான் ரெண்டுக்கும் வாடகை கட்டறேன்?"

 தெரிவது பழைய நகல் என்று முதலாளி சொன்னால், 'அப்போ என் கஸ்டமர் பார்க்கறது நேத்து விலையா?' என்று கேட்பார். சொல்லாவிட்டால் வாடகை போகும். ஒரு வாரம் பேசிய மனுஷர் கர்ச்சீப்பை எடுத்துத் திரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு போதும்" என்றார் வியாபாரி.

 வாடகை பாதியானால் முதலில் கழிக்கப்படுவது யார் என்று எனக்குத் தெரியாதா? முதலாளியின் கை அதற்குள் என் பக்கம் நீண்டுவிட்டது. "ஆமா சார், நானும் செலவைக் குறைக்கத்தான் பார்க்கறேன். இந்தாளைக்கூட இனிமே..."

"அவன் இருக்கட்டும்." வியாபாரி எழுந்துகொண்டார். "நின்னுபோச்சுன்னா நான் யாரைத் திட்டறது? இந்த ஓசிச் சாமான் போன் எடுக்குமா?"

முதலாளி சிரித்தார். வியாபாரி படியிறங்கியதும் சிரிப்பை நிறுத்தினார். நான் ஒரு கேபிளை மட்டும் திரும்பச் செருகிவிட்டுப் போய் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரிசீவரில் சத்தம் வருகிறதா என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.