மெகர் அக்கா திறந்து காட்டிய கடிதங்கள்

மெகர் அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது திருவொற்றியூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். கால் தானாக அவருடைய கம்ப்யூட்டர் சென்டர் இருந்த சந்துக்குப் போயிற்று. இப்போது அங்கே செல்போன் கடை.

சங்கத் தோழர்களே, நம் நோட்டீஸ்களை டைப் செய்து தந்தவராகத்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பிழை இருந்தால் விடமாட்டார். "கோரிக்கையே தப்பும் தவறுமா கீதுன்னா எவன் நைனா குடுப்பான்?" என்பார்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், எங்கள் தொழிற்சாலையின் ஆசிட் தொட்டியில் விழுந்து ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அன்று அவர் வேலைக்கே வரவில்லை என்று நிர்வாகமும் கான்ட்ராக்டரும் சாதித்தார்கள். நேரில் பார்த்த முப்பது பேர் டைப் செய்து வைக்கச் சொல்லி அக்காவிடம் வாக்குமூலம் கொடுத்தோம். விசாரணைக்கு முன் பெயர்கள் கசிந்தால் ஒருவருக்கும் வேலை இருக்காது. "பூட்டி வெச்சிக்கிறேன், போங்க" என்றார்.

ஒரு மத்தியானம் கான்ட்ராக்டரின் ஆட்கள் மூன்று பேர் வந்து ஷட்டரை இறக்கினார்கள். நானும் உள்ளே மாட்டிக்கொண்டேன். பூட்டிய ஃபைலைக் கண்டுபிடித்து பாஸ்வேர்டு கேட்டார்கள். அக்கா மறுத்தார். என் கையை முறுக்கியதும் சொல்லிவிட்டார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

திறந்ததும் வந்தவை காதல் கடிதங்கள். அக்கா ஒருவருக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தவை. கடிதத்தின் மேலே இருந்த அந்த ஆளின் பெயரோடு சேர்த்து ஒருவன் உரக்கப் படித்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா அழுதார். "இதுக்கா இவ்ளோ பேஜாரு" என்று அலுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "அதே ஃபைலுக்கு இன்னொரு பாஸ்வேர்டு கீது. அத்தப் போட்டாத்தான் உங்க வாக்குமூலம் வரும். உள்ள அது கீதுன்னே வெளிய தெரியாது."

கடிதங்கள் சும்மா எழுதியவைதானே என்று கேட்டேன்.

"சும்மா எதையாச்சும் வெச்சா நம்புவானுங்களா? நெசமாவே மறைக்க வேண்டியது ஒண்ண வெக்கணும்."

விசாரணையில் முப்பது பேரும் போய்ச் சாட்சி சொன்னோம். இறந்தவரின் மனைவிக்கு நியாயம் கிடைத்தது. பிறகு சங்கத்தின் பழைய ஆட்களிடம் அந்தக் கதையை அக்காவே சிரித்துச் சிரித்துச் சொல்வார். கடிதங்கள் யாருக்கு என்ற பெயரை மட்டும் சொன்னதில்லை.

அடக்கத்தன்று நம் ஆட்கள் சிலர் அதை என்னிடம் கேட்டார்கள். உரக்கப் படித்தபோது நானும் கேட்டேன்தான். எங்கள் முப்பது பெயரையும் அவர் காப்பாற்றினார். அந்த ஒரு பெயர் என்னிடம் இருக்கிறது. என் கையை முறுக்கினாலும் சொல்லமாட்டேன்.