உப்பில் ஒட்டிய காதுகள்

பாகூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் என் பள்ளித் தோழனிடம் போய், நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்ளப் பதினோரு நாட்கள் ஆயின. ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று தெரிந்துகொண்டேன். ஆவணி இரண்டாம் செவ்வாயன்றுதான் போனேன். அஞ்சலகத்தில் முத்திரையின் தேதியை மாற்றி மாற்றியே ஓய்வு பெற்றவனுக்கு நாட்கள் மறப்பதில்லை.

அவனுடைய நெல் கிடங்கில், மேற்குச் சுவரின் உச்சியில் ஒரு வெடிப்பு. அதில் வவ்வால்கள் இருக்கின்றன. பூச்சி தின்னும் வவ்வால்கள் பலவற்றுக்கு வால், கால்களுக்கு நடுவிலுள்ள சவ்வுக்குள் அடங்கியிருக்கும். இவற்றுக்குப் பாதி வால் சவ்வைத் தாண்டி எலிவால் போல நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். இனத்தைச் சொல்வதுதான் தொல்லை. எங்கள் பக்கத்துக்குப் பொருந்துவதாக நான் நூல்களில் கண்டவை இரண்டு: சுருக்க உதட்டு வவ்வால், எகிப்து வவ்வால். முன்கை நீளத்தை வைத்துப் பிரிக்க முடியாது. உதட்டுச் சுருக்கம் இரண்டுக்குமே உண்டு, ஒன்றுக்குக் கொஞ்சம் ஆழம் கூடுதல். நம்பக்கூடிய அடையாளம் காதுதான். முதலாவதற்கு நெற்றியின் மேல் ஒரு தோல்பட்டை இரண்டு காதுகளையும் இணைக்கும். இரண்டாவதற்குக் காதுகள் நெருங்கி வரும், சேராது.

வவ்வால்களைக் கவனித்து நோட்டில் குறித்துவைப்பது என் பொழுதுபோக்கு. கிடங்கில் செத்து விழுந்தவற்றைக் கல்லுப்பில் புதைத்து, வெயிலில் காயவைத்து வைத்திருந்தேன். கடல் பக்கத்து ஊர்க்காரனுக்குத் தெரிந்த வழி அது. காய்ந்தவற்றில் காதுகள் ஒரே பட்டையாகத் தெரிந்தன. சுருக்க உதட்டு வவ்வால் என்று எழுதினேன். அந்த இனம் வேறொரு நாட்டு வயல்களில் நெல்லைக் கெடுக்கும் தத்துப்பூச்சிகளைத் தின்பதாகப் படித்திருந்ததால் தோழனிடமும் சொன்னேன். ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவன் அவன், புகையான் என்னும் தத்துப்பூச்சி விழுந்து ஒரு போகம் முழுக்கக் கருகியதைப் பார்த்தவன். வெடிப்பைப் பூச வரவழைத்த கொத்தனாரை அன்றே திருப்பி அனுப்பினான். அதன் பிறகு வருடக்கணக்கில் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமை விழுந்து கிடந்தது உடல் விறைக்காத ஒன்று. நெற்றி மயிரை ஊதிப் பார்த்தேன். காதுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது. இரண்டு இனமும் சேர்ந்து வாழ்கின்றனவோ என்று சற்று நேரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, காய்ந்தவற்றையெல்லாம் வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டேன்.

"மீன் சட்டியில இன்னாத்த போட்டு வெச்சிருக்க?" என்றாள் மனைவி. "இனிமே அதுல நான் கொழம்பு வெக்கமாட்டேன், ஆமா."

மாலையில் ஊசி முனையால் தொட்டதும் ஒவ்வொன்றிலும் காதுகள் தனித்தனியாகப் பிரிந்தன. உப்பும் வெயிலும் ஒட்டிவைத்ததைத்தான் பட்டை என்று எழுதியிருந்தேன். எல்லா நோட்டுகளிலும் பெயரை அடித்துத் திருத்தினேன். அவனிடம் சொல்லத்தான் கால் எழவில்லை. வெடிப்புக்குள் குட்டிகள் இருந்தன. சொன்னால் பூசிவிடுவான்.

"வாப்பா. இன்னா, கருவாட்டு யாவாரம் எப்படிப் போவுது?" என்றான் தோழன், செவ்வாயன்று கிடங்கில் என்னைக் கண்டதும்.

காதைப் பற்றிச் சொன்னேன். கையில் இருந்த நெல்லை ஊதிக்கொண்டே கேட்டான்.

"இது புகையான் தின்னுமா, தின்னாதா? அத்த சொல்லு."

"பூச்சிதான் தின்னும். புகையான் தின்னுதான்னு எனக்குத் தெரியாது."

"இத்தினி வருசமா தெரியும்னியேடா."

"வேற ஒண்ணப் பத்திப் படிச்சத இதுக்குச் சொல்லிட்டேன்."

"நல்லா படிச்ச, போ. போன வாரம் வாங்க வந்த ஒருத்தன் சாக்க மோந்து பாத்துட்டு வண்டியத் திருப்பிக்கினு பூட்டான். நாளைக்கே கொத்தனார வரச்சொல்றேன்."

"உள்ள குட்டிங்க இருக்குதுப்பா. இன்னும் பறக்கல. இப்ப பூசினா உள்ளயே செத்துடும். அதுங்க பறக்கட்டும். அப்புறம் ஒரு சாயந்திரம் எல்லாம் வெளிய போனதும் பூசிக்கோ."

அவன் வெடிப்பை அண்ணாந்து பார்த்தான்.

"அதுவரைக்கும் எச்சத்த யாரு கூட்டுறது? என் ஆளுங்க இனிமே தொடமாட்டாங்க. நீ வந்து கூட்டு. தெனம்."

"சரி."

"தெனம்டா. முட்டி வலிக்குதுன்னு ஒரு நாள் நின்ன, பூசிடுவேன்."

முட்டி வலிக்கத்தான் செய்கிறது. என் ஊரான குருவிநத்தத்திலிருந்து காலையில் சைக்கிளில் போகிறேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டுகிறேன். எச்சத்தில் கொஞ்சம் பொட்டலம் கட்டித் தேதி எழுதி வைக்கிறேன். உருப்பெருக்கியில் நொறுங்கிய சிறகும் கால்களும் தெரிகின்றன. புகையானின் கால்தான் என்று எதையும் சொல்ல முடியவில்லை. கண்டுபிடித்துச் சொன்னால் மனம் மாறுவானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கொத்தனாரிடம் புரட்டாசிக்குச் சொல்லி வைத்திருக்கிறான்.

இன்று காலை ஒரு குட்டி வெடிப்பின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கைகளை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு உள்ளே ஏறிப் போய்விட்டது. நான் மூட்டையின்மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். அது பறக்கும்வரை, இன்னும் பத்து நாளாவது வர வேண்டியிருக்கும்.