செம்பு நீங்கலாக

ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது, என் அப்பா சுங்காய் ரப்பர்த் தோட்டத்தில் கண்டவர்களிடமெல்லாம் "எம்பொண்ணு பாலுக்கு டாக்டரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ரப்பர்ப் பாலோடு எந்த மருந்தை எவ்வளவு கலப்பது என்று பார்ப்பதுதான் என் வேலை. டாக்டர் என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். மூன்றாம் மாதம் நானே ஒரு புதுக் கலவை செய்தேன். அதே வாரம் புது எஃகுத் தொட்டி ஒன்று வந்து இறங்க, என் கலவையை அதில்தான் ஊற்றினார்கள். ஐந்தாம் மாதம் பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. உள்ளே கையுறைகள் பழுப்பேறி, வெயிலில் வைத்த மிட்டாய் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

மேனேஜர் தெலுக் இந்தான்காரர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், கோபமே வராத மனிதர். "உன் கலவையிலதான் ஏதோ கோளாறுமா. மாசக் கடைசிக்குள்ள என்னான்னு கண்டுபிடி. இல்லேன்னா உனக்காக நான் மேல பேச முடியாதுலா" என்றார். ஒரு கோபக்காரர் இதைச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அந்த வருடம்தான் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதன் மேல் இரண்டு ரப்பர்க் கிண்ணங்கள். தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி, மறுமுனை கீச்சிட்டதும் ரிசீவரை அந்தக் கிண்ணங்களில் கவிழ்த்து வைக்க வேண்டும். அவ்வளவுதான், உலகத்து வேதியியல் கட்டுரைகளின் சுருக்கங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற தரவுத்தளம் கடலுக்கு அப்பாலிருந்து நம்மோடு பேசும். அதுவரை இதற்காகக் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறி, செங்கல் கனமுள்ள அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டிவிட்டுத் தும்மிக்கொண்டே திரும்பி வந்தவள் நான். முதல் தடவை திரையில் எழுத்து ஓடியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலை போகப்போகிறது என்பதுகூட ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

தேடலுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம். அதனால் கேட்க வேண்டிய சொற்களை முதலிலேயே தாளில் எழுதிக்கொண்டுதான் ரிசீவரைத் தொடுவோம். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்பார். முதல் நாள் ரப்பர், பிசுபிசுப்பு என்று இரண்டு சொற்களைக் கொடுத்தேன். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டியது. மறுநாள் பால், அது உறையாமலிருக்கக் கலக்கும் அம்மோனியா என்று இன்னும் இரண்டைச் சேர்த்தேன். அப்போதும் படித்து முடிக்க முடியாத அளவுக்கு வந்தது. அதில் பாதி, செம்பு பட்டால் ரப்பர் கெடும் என்பதைப் பற்றியது. எங்களுக்குத் தொட்டி எஃகு, குழாய் எஃகு, கரண்டிகூட எஃகு. இதில் செம்புக்கு எங்கே போவது? தரவுத்தளத்தில் வேண்டாததைக் கழிக்கவும் ஒரு கட்டளை உண்டு. மூன்றாம் நாள், பெரிய கெட்டிக்காரியாக, 'செம்பு நீங்கலாக' என்று போட்டேன். ஒன்பதே கட்டுரைகள் மிஞ்சின. அவற்றை ஒரு வாரம் வரி வரியாகப் படித்தேன். ஒன்றும் உதவவில்லை.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது, கலவைப் பகுதியில் வேலை செய்த அக்கா என்னோடு சாப்பிட உட்கார்ந்தார். தோட்டத்திலிருந்து வந்தவர், எனக்குச் சோறு இறங்காததைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒண்ணுதான் தங்கச்சி புரியல. அந்தத் தொட்டிக்கு ஆயுத பூசை அன்னிக்குப் பொட்டு வச்சு, ஆளுக்கொரு காசு போட்டுத்தானே மொதப் பாலு ஊத்துனோம். அதுக்கு மேல என்னா கொறைச்சல்?"

கையிலிருந்த உருண்டை கையிலேயே நின்றது. தோட்டத்தில் புது வாளிக்கு அப்படித்தான் செய்வார்கள். மஞ்சள் தடவிய காசு போட்டு, முதல் பால் ஊற்றி, பிறகு காசை எடுத்துவிடுவார்கள். இங்கே தொட்டி ஆள் உயரம். நானும்தான் போட்டேன், பழைய சதுர ஒரு காசு நாணயம், செம்பு நிறத்தில்.

"காச யாருக்கா எடுத்தா?"

"யாரு எறங்கி எடுக்கறது? சாமி காசு, கெடக்கட்டும்னு வுட்டுட்டோம்."

கையைக் கழுவியது நினைவில்லை. மேனேஜரை இழுத்துக்கொண்டு போய் ரிசீவரைக் கவிழ்த்தேன். இம்முறை பால், அம்மோனியா, செம்பு. பிரின்டர் கரகரவென்று தாளைத் துப்பியது. அம்மோனியா கலந்த பாலில் செம்பு மெல்லக் கரையும். கரைந்த செம்பு கொஞ்சமாக இருந்தாலும் போதும், ரப்பர் ஒட்டிப்போகும். முதல் சுருக்கமே அதைத்தான் சொன்னது. நான் போன வாரம் என் கையாலேயே கழித்துக்கட்டிய கட்டுரை.

என் கலவை தப்புச் செய்யவில்லை. என் காசுதான் செய்திருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "சார், தொட்டியில காசு கெடக்கு. நானும் ஒண்ணு போட்டேன்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்தார்.

"பெரியவங்க கையால ஆரம்பிக்கணும்னு அக்கா சொன்னாங்கமா. மொதக் காசு போட்டதே நான்தான்லா."

மறுநாள் தொட்டியை வடித்தோம். அடியில் காசுகள் ஓரம் தேய்ந்து, பப்படம் போல மெலிந்து கிடந்தன. அக்கா அவற்றைப் பொறுக்கிக் கழுவி, "சாமி, தெரியாம செஞ்சுட்டோம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதே கலவையை மறுபடி ஊற்றினோம். கையுறைகளைச் சீக்கிரம் பழசாக்கிக் காட்டும் சூட்டு அடுப்பில் நாள்கணக்கில் வைத்துப் பார்த்தோம், ஒன்றுகூட ஒட்டவில்லை.

மேனேஜர் மேலே பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறாம் மாதம் நிரந்தரக் கடிதம் கைக்கு வந்தது. அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

அடுத்த ஆயுத பூசைக்கு அக்கா கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்தார். பிறகு உள்ளங்கையில் ஒரு காசோடு என்னைப் பார்த்தார்.

"இதுக்குப் போடலாமா தங்கச்சி?"

"தாராளமா போடுங்கக்கா" என்றேன். மேனேஜர் அதற்குள் தன் பையைத் துழாவ ஆரம்பித்துவிட்டார்.